நிமிர்ந்த முதுகின் வரலாறு: கொல்கத்தாவின் யோகக் கல்வி

இருபதாம் நூற்றாண்டில் யோகாசனப் பயிற்சி உலகெங்கும் பரவிய வரலாற்றை எழுதுவோர் மைசூர் அரண்மனையில் தொடங்கி, சென்னை, புணே, ரிஷிகேசம் ஆகிய ஊர்களைத் தொட்டு முடிப்பது வழக்கமாக இருந்து வந்துள்ளது. அந்த வரலாற்றில் கொல்கத்தாவுக்கு உரிய இடம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. முதுகெலும்பை உறுதியாக நிறுத்துவதும், அந்த உறுதியைக் கெடுக்காமல் அதை நீட்டி நிமிர்த்துவதும் எப்படி என்பதை ஒரு முறையான கல்வியாக வளர்த்தெடுத்த நகரங்களுள் கொல்கத்தா முன்னணியில் நிற்கிறது. தந்திர நூல்களின் உடற்கோட்பாடு, காலனிய ஆட்சிக்காலத்து உடற்பயிற்சி இயக்கம், மேலை நாட்டுத் தசைக்கட்டுப்பாட்டுக் கலை, நோயாளியை மையமாகக் கொண்ட சிகிச்சை முறை ஆகிய நான்கும் இந்த ஒரே நகரத்தில் சந்தித்தன. அச்சந்திப்பிலிருந்து பிறந்த கல்வியின் சாரம் இதுதான்: முதுகின் நீளம் இழுத்துப் பெறுவதன்று, வலுவும் கட்டுப்பாடும் கூடிய முதுகு தானாகவே அடைவது.

இவ்வரலாற்றைப் பின்தொடர, இரண்டு கருத்துகளை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. மனிதனின் முதுகெலும்புத் தொடர் பொதுவாக 33 முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையும் எலும்புகள் 24. எஞ்சியவை வளர்ச்சியின்போது ஒன்றோடொன்று இணைந்து திரிக எலும்பாகவும் வால் எலும்பாகவும் ஆகிவிடுகின்றன. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தென்ற வட்டுகள் அமைந்துள்ளன. முதுகெலும்புத் தொடரின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த வட்டுகளுக்கே உரியது. பகலெல்லாம் உடலின் எடையைத் தாங்குவதால் வட்டுகள் நீர் இழந்து சற்றே தட்டையாகி, இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் நீரை ஈர்த்துப் பருக்கின்றன என்பதால், காலையில் எழும் மனிதன் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்கிறான். ஆசனப் பயிற்சியில் முதுகு நீட்சி என்று சொல்லப்படுவது எலும்பு வளர்வதைக் குறிக்காது. கூன், மிகை வளைவு முதலிய சரிவுகள் குறைந்து, வட்டுகளின் மீதுள்ள அழுத்தம் தளர்ந்து, தலை உச்சியும் வால் எலும்பும் ஒன்றையொன்று விட்டு விலகும் நிலையையே அது குறிக்கிறது. உறுதி என்பது கைகால்கள் அசையும்போதும், உடல் வளையும்போதும், முள்ளெலும்புகள் தம் பாதுகாப்பான எல்லைக்குள் நிற்கும்படி தசைகள் அவற்றைப் பிடித்துவைக்கும் திறன். பாய்மரத்தைச் சுற்றிலும் கட்டிய கயிறுகள் சமமாக இறுகியிருந்தால்தான் மரம் நேராக நிற்கும் என்பதைப் போல, முதுகின் பின்தசைகள், வயிற்றுத்தசைகள், உதரவிதானம், இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் ஆகியவை சமமாக ஒத்துழைத்தால்தான் நீட்சி நிலைக்கும்.

வங்கத்தில் முதுகெலும்பு பற்றிய சிந்தனை உடற்பயிற்சிக் கூடங்களுக்கு மிக முந்தியது. 1577-இல் பூர்ணானந்தர் என்னும் வங்கத் தாந்திரிகர் இயற்றிய ‘ஷட்சக்ர நிரூபணம்’, உடலின் நடுவே மேருமலையைப் போல் நிற்கும் தண்டாக முதுகெலும்பைக் கருதி, அதனுள் ஓடும் சுழுமுனை என்னும் நாடியையும் அதன் வழியில் அமைந்த ஆறு சக்கரங்களையும் விரித்துரைத்தது. தமிழகத்தில் திருமூலரின் திருமந்திரமும் சித்தர் மரபும் சுழுமுனை பற்றிப் பேசுவதால், இக்கருத்து தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்னும் புனைபெயரில் 1919-இல் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘தி சர்ப்பென்ட் பவர்’ என்ற தலைப்பில் வெளியிட்டார். அதன் பிற்காலப் பதிப்புகள் சென்னையிலிருந்த கணேஷ் அண்ட் கம்பெனியின் வழியாகப் பரவின. முதுகெலும்பை யோகத்தின் நடுநாயகமாகக் காணும் பார்வை மேலை உலகில் வேரூன்றியதில் இந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏறத்தாழ 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததும், வங்கத்தில் தோன்றியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுவதுமான ‘கேரண்ட சம்ஹிதை’ இன்னொரு முக்கியமான சான்று. ஏழு படிகளாக யோகத்தை வகுக்கும் இந்நூல், ஆசனத்தால் உடலுக்குத் திடமும், முத்திரையால் நிலைத்த தன்மையும், பிராணாயாமத்தால் இலேசான தன்மையும் கிடைக்கும் என்று ஒவ்வொரு படிக்கும் தனிப்பயன் கூறுகிறது. ஆசனத்தின் முதற்பயனாக அது சொல்வது திடத்தையே. வளைந்து கொடுக்கும் தன்மையை அது முன்னிறுத்தவில்லை. 15-ஆம் நூற்றாண்டின் ‘ஹடயோக பிரதீபிகை’ 15 ஆசனங்களையே விளக்க, கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைத் தருகிறது. அவற்றுள் குப்புறப் படுத்து உடலின் முன்பகுதியைத் தூக்கும் புஜங்காசனம், கால்களை உயர்த்தும் சலபாசனம், வில்லாக வளையும் தனுராசனம், ஒட்டக வடிவமான உஷ்ட்ராசனம் ஆகிய முதுகுப் பயிற்சிகள் இடம்பெறுகின்றன. பிற்காலக் கொல்கத்தா ஆசிரியர்கள் முதுகுக்கென அமைத்த வரிசையின் முதுகெலும்பாக நின்றவை இவைதாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மரபு புதிய சூழலுக்குள் வந்தது. 1835-இல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836-இல் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்தியதற்குப் பிறகு, சாத்திரங்கள் மேருதண்டம் என்று அழைத்த உறுப்பு, எலும்பும் வட்டும் நரம்புமாகக் கற்றோரின் கண்முன் நின்றது. மறுபுறம், வங்காளிகள் உடல்வலு அற்றவர்கள் என்று ஆங்கிலேய ஆட்சியாளர்கள் எழுதியும் பேசியும் வந்த பழிச்சொல் வங்கத்து இளைஞர்களைச் சுட்டது. அம்பிகாசரண் குகா வடகொல்கத்தாவில் தொடங்கிய மல்யுத்தக் கூடம், நபகோபால் மித்ரா 1867-இல் தொடங்கிய இந்து மேளாவில் உடற்பயிற்சிக்குத் தரப்பட்ட இடம், சரளா தேவி சௌதுராணி 1900-களின் தொடக்கத்தில் இளைஞர்களுக்காக நடத்திய பயிற்சிக்கூடம், 1902-இல் தோன்றிய அனுசீலன் சமிதி ஆகிய யாவும் நிமிர்ந்த உடலை நாட்டு விடுதலையின் முன்நிபந்தனையாகக் கண்டன. வங்காளிகள் ‘அக்ரா’ என்றும் ‘பையாமாகார்’ என்றும் அழைக்கும் இக்கூடங்கள் அந்நகரத் தெருக்களில் பெருகின.

இச்சூழலில் வளர்ந்த சுவாமி விவேகானந்தர், இளமையில் இத்தகைய கூடங்களில் பயின்றவர். 1896-இல் வெளியான அவருடைய ‘ராஜயோகம்’, ஹடயோகத்தின் கடினமான உடல்நிலைகளை ஒதுக்கிவைத்து, மார்பு, கழுத்து, தலை ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் அமைய முதுகெலும்பைத் தளர்வாக நிமிர்த்தி உட்காருவதே போதும் என்று வகுத்தது. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயமும் உடலும் தலையும் கழுத்தும் நேராக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆசனங்களின் எண்ணிக்கை அவருக்கு முக்கியமாகப் படவில்லை. முதுகு நேராக நிற்பதும், அந்நிமிர்வில் சுமை தோன்றாமல் இருப்பதுமே முக்கியமாகப் பட்டன. ஆனால் நேராக உட்காரும் வலுவை மெலிந்த முதுகு எங்கிருந்து பெறும் என்னும் கேள்விக்கு விடை சொல்லும் பணி அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது.

அந்த விடை கொல்கத்தாவின் கர்ப்பார் சாலையில் வசித்த ஒரு குடும்பத்திலிருந்து வந்தது. பின்னாளில் பரமஹம்ச யோகானந்தர் என்று புகழ்பெற்ற முகுந்த லால் கோஷ் 1893-இல் பிறந்தவர். அவருடைய இளைய சகோதரர் பிஷ்ணு சரண் கோஷ் 1903-இல் பிறந்தவர். காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தியின் ஆதரவுடன் 1918-இல் ராஞ்சியில் நிலைபெற்ற பள்ளியில், யோகானந்தர் சிறுவர்களுக்கு ஆசனங்களோடு ‘யோகதா’ என்னும் பயிற்சியையும் கற்பித்தார். மன உறுதியால் உடலின் ஒவ்வொரு பகுதியையும் முறையே இறுக்கி, பிறகு முழுமையாகத் தளர்த்துவது இப்பயிற்சியின் அடிப்படை. யோகானந்தர் 1920-இல் அமெரிக்கா சென்று தியானத்தையும் கிரியா யோகத்தையும் பரப்ப, பிஷ்ணு சரண் கோஷ் கொல்கத்தாவிலேயே தங்கி, 1923-இல் உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் கோஷ் யோகக் கல்லூரி என்று அறியப்பட்ட நிறுவனத்தின் தொடக்கம் இதுவே.

கோஷின் முதற்புகழ் தசைக்கட்டுப்பாட்டுக் கலையால் வந்தது. மற்றத் தசைகளைத் தளர்வாக விட்டுவிட்டு, விரும்பிய ஒரு தசையை மட்டும் மனத்தின் ஆணையால் சுருக்குவதும் விரிப்பதும் இக்கலையாகும். மாக்ஸிக் என்னும் பெயரில் அறியப்பட்ட ஐரோப்பிய உடல்வல்லுநர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை நூல்வழிப் பரப்பியிருந்தார். கோஷ் தம் மாணவர் கேசப் சந்திர சென்குப்தாவுடன் சேர்ந்து 1930-இல் வெளியிட்ட ‘மசில் கண்ட்ரோல் அண்ட் பார்பெல் எக்சர்சைஸ்’ அந்தக் கலையைப் பளுதூக்கும் பயிற்சியோடு இணைத்தது. வயிற்றை உள்ளே இழுக்கும் உட்டியான பந்தம், வயிற்றின் நடுத்தசையைத் தனியே பிரித்து உருட்டும் நௌலி ஆகிய ஹடயோகச் செயல்கள் தசைக்கட்டுப்பாட்டோடு நெருங்கிய உறவு உடையவை என்பதால், இரு மரபுகளும் கோஷின் கூடத்தில் இயல்பாக ஒன்றின. 1951-இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் ஒரு பிரிவில் பட்டம் வென்ற மனோதோஷ் ராய் கோஷிடம் பயின்றவர் என்பது, பளுதூக்கலும் யோகமும் அங்கு எவ்வளவு நெருங்கி வளர்ந்தன என்பதைக் காட்டுகிறது.

முதுகெலும்புக் கல்வியின் வரலாற்றில் இந்த இணைப்பு ஒரு திருப்புமுனை. அதுவரை நிமிர்ந்த முதுகு தியானத்துக்கு உரிய நிபந்தனையாகச் சொல்லப்பட்டது; கோஷின் கூடத்தில் அது பயிற்சியால் படிப்படியாக ஈட்டப்படும் திறனாக மாறியது. எந்தத் தசை வேலை செய்ய வேண்டும், எந்தத் தசை ஓய்வில் இருக்க வேண்டும் என்பதை மாணவர் உள்ளுக்குள் உணரும்படி செய்வதே ஆசிரியரின் முதற்கடமை ஆயிற்று. கோஷின் மாணவரும் மருமகனுமான புத்த போஸ் 1938-ஐ ஒட்டி எண்பத்து நான்கு ஆசனங்களைப் படங்களுடன் தொகுத்த கையெழுத்துப்படி நெடுங்காலம் அச்சேறாமல் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் வெளிவந்தது; 1939-இல் அவர் வெளியிட்ட ‘கீ டு தி கிங்டம் ஆஃப் ஹெல்த் த்ரூ யோகா’ என்னும் நூல் இம்மரபின் தொடக்ககால அச்சுச் சான்று. இன்னொரு மாணவரான மருத்துவர் கௌரி சங்கர் முகர்ஜி 1963-இல் எண்பத்து நான்கு ஆசனங்களை ஜெர்மன் மொழியில் நூலாக்கினார்.

இம்மரபு முதுகைக் கற்பிக்கும் முறையை அதன் ஆசன வரிசையே விளக்குகிறது. புஜங்காசனத்தில் மாணவர் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைத் தோள்களுக்குக் கீழே பதித்து, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தொப்புள் வரையிலான பகுதி தரையிலிருக்க மார்பை உயர்த்துகிறார். கைகளால் தரையை அழுத்தி எழும்பக் கூடாது, முதுகின் தசைகளே உடலைத் தூக்க வேண்டும் என்பது இம்மரபின் கண்டிப்பான விதி. கையை ஊன்றி எழுந்தால் வளைவு ஆழமாகத் தோன்றும், ஆனால் அந்த வளைவைத் தாங்கும் வலு முதுகுக்கு வந்திருக்காது. இடுப்பின் கீழ்ப்பகுதியிலுள்ள ஓரிரு வட்டுகளே முழுச்சுமையையும் ஏற்க நேரும். சலபாசனத்தில் முதலில் ஒவ்வொரு காலாகவும் பிறகு இரு கால்களையும் சேர்த்தும் உயர்த்துவதால் இடுப்புப் பகுதியின் பின்தசைகள் வலுப்பெறுகின்றன. முழுச் சலபாசனத்தில் கைகளை இறக்கைகளைப் போல் விரித்துக் கால்களையும் மார்பையும் ஒருங்கே தூக்குவதால் மேல்முதுகும் சேர்ந்து உழைக்கிறது. இவற்றுக்குப் பின்னரே, கால்களைப் பற்றிக்கொண்டு வில்லாக வளையும் தனுராசனம் வருகிறது. வலுவை முதலில் ஈட்டி வளைவைப் பின்னர் பெறும் இவ்வரிசையில் ஒரு தெளிவான கல்விக்கொள்கை அடங்கியுள்ளது.

நீட்சிக்கான ஆசனங்கள் வலுவுக்கானவற்றின் பின்னே வைக்கப்பட்டன. மண்டியிட்டுக் குதிகால்மீது அமர்ந்து, கைகளைத் தலைக்கு மேலே சேர்த்து, முதுகை நேராக வைத்தபடியே முன்னால் சாய்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் அர்த்த கூர்மாசனத்தில், இடுப்பு ஒரு புறமும் விரல்நுனிகள் மறுபுறமும் விலகி முதுகு நீள்கிறது. பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்தைச் செய்தபின், குதிகால்களைப் பற்றியபடி நெற்றியை முழங்காலோடு சேர்த்து இடுப்பை உயர்த்தும் சசாங்காசனம் அதற்கு இணையாக வருகிறது. முதலாவது முதுகின் பின்புறத்தைச் சுருக்க, இரண்டாவது அதே பின்புறத்தை விரிக்கிறது. வரிசையின் இறுதியில் வரும் அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில், மாணவர் முதலில் முதுகை மேல்நோக்கி நிமிர்த்தி, அந்த உயரத்தை இழக்காமல் பக்கவாட்டில் திருகுகிறார். கூனியபடி திருகுவது வட்டுகளுக்குத் தீங்கு என்பதால் நிமிர்வு முதலில் வருகிறது.

ஒவ்வோர் ஆசனத்துக்கும் பின்னர் சவாசனத்தில் கிடந்து ஓய்வெடுப்பது கொல்கத்தா மரபின் தனி அடையாளம். மைசூரிலும் பின்னர் சென்னையிலும் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் மூச்சோடு இணைந்த தொடர் அசைவுகளை வளர்த்தார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் புணேயில் கயிறு, கட்டை, பட்டை முதலிய துணைக்கருவிகளைக் கொண்டு முதுகின் நீட்சியை நுட்பமாகக் கற்பித்தார். நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் ரிஷிகேசத்தில், முன்வளைவு, பின்வளைவு, திருகல் என முதுகெலும்பை எல்லாத் திசையிலும் அசைக்கும் எளிய தொகுப்பை வகுத்தார். கொல்கத்தாவில் ஆசனமும் ஓய்வும் மாறி மாறி வந்தன. இறுகிய தசையை உடனே தளர்த்துவதால், உழைப்புக்கும் ஓய்வுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவரின் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. யோகானந்தரின் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியின் தடம் இங்குத் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு தனித்தன்மை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதித் தரப்படும் பயிற்சிச் சீட்டு. கோஷும் அவர் வழிவந்தவர்களும் வருபவரின் வயது, தொழில், நோய் ஆகியவற்றைக் கேட்டறிந்து, எந்த ஆசனம், எத்தனை முறை, எவ்வளவு நேரம், இடையே எவ்வளவு ஓய்வு என்று மருத்துவர் மருந்தெழுதுவதைப் போலக் குறித்துக் கொடுத்தனர். ஒரே அறையில் பலர் பயின்றாலும் ஒவ்வொருவரும் தமக்குரிய வரிசையையே செய்தனர். இடுப்புவலிக்கு வந்தவருக்கு முன்வளைவை விலக்கி மென்மையான புஜங்காசனத்தை மட்டும் தருவதும், கூன் விழுந்த மேல்முதுகு உடையவருக்கு வேறு வரிசை தருவதும் இம்முறையில்தான் இயலும். சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரும் முதிய வயதில் தனிநபர்ப் பயிற்சியையே வலியுறுத்தினார் என்பதால், ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்த இரு நகரங்களும் ஒரே முடிவுக்கு வந்தன என்று சொல்லலாம்.

பெண்களும் இக்கல்வியில் பங்கு பெற்றனர். லாபண்ய பாலித் 1955-இல் வங்காள மொழியில் வெளியிட்ட ‘சரீரம் ஆத்யம்’ பெண்களுக்கான ஆசன நூலாகும். கோஷின் மாணவியான ரேபா ரக்ஷித் 1950-களில் சர்க்கஸ் மேடைகளில் தம் மார்பின் மீது யானையை நடக்கவைத்து வியப்பூட்டினார். அச்சாகசம் யாருக்கும் பரிந்துரைக்கத் தக்கதன்று; ஆயினும் மூச்சை அடக்கி உடலின் நடுப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் திறன் எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு அது சான்றாக நின்றது.

கொல்கத்தா ஆசிரியர்கள் அனுபவத்தால் கண்டதற்கு ஒத்த கருத்தைப் பிற்கால மருத்துவ ஆய்வும் அடைந்தது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனோகர் பஞ்சாபி 1992-இல், முதுகெலும்பின் உறுதி மூன்று அமைப்புகளைச் சார்ந்தது என்று விளக்கினார்: எலும்பும் வட்டும் இணைப்பு நாரும் சேர்ந்த, தானாக இயங்காத அமைப்பு, தசைகளின் அமைப்பு, அவற்றை ஆளும் நரம்புக் கட்டுப்பாடு. 1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும், இடுப்புவலி உடையவர்கள் கையை உயர்த்தும்போது அவர்களின் ஆழமான வயிற்றுத்தசை காலம் தாழ்த்திச் சுருங்குவதைப் பதிவு செய்தனர். தசை வலுவாக இருந்தால் மட்டும் போதாது, உரிய நேரத்தில் உரிய அளவில் அது செயல்படவும் வேண்டும் என்பது இவற்றின் பொருள். ஒரு தசையை மனத்தால் தேடிப் பிடித்து இயக்கும் கோஷின் கல்வி, ஆய்வுக்கூடச் சான்று எதுவும் இல்லாத காலத்திலேயே நரம்புக் கட்டுப்பாட்டை மையத்தில் வைத்திருந்தது.

கோஷ் 1970-இல் மறைந்தார். அவருடைய மாணவரும் 1944-இல் பிறந்தவருமான பிக்ரம் சௌதுரி, இம்மரபிலிருந்து 26 ஆசனங்களையும் இரு மூச்சுப் பயிற்சிகளையும் எடுத்து ஒரே வரிசையாக்கி, வெப்பமூட்டிய அறையில் தொண்ணூறு நிமிட வகுப்பாக அமெரிக்காவில் பரப்பினார். புஜங்காசனம் முதல் தனுராசனம் வரையிலான முதுகு வலுவூட்டும் பகுதியும், உஷ்ட்ராசனமும் சசாங்காசனமும் இணையாக வரும் அமைப்பும், இடையிடையே சவாசனமும் அவ்வரிசையில் அப்படியே உள்ளன. ஆனால் பயிற்சிச் சீட்டு மறைந்தது. எல்லா உடலுக்கும் ஒரே வரிசை, ஒரே வெப்பம், ஒரே கால அளவு என்றாயிற்று. அவ்வரிசைக்குப் பதிப்புரிமை கோரிய வழக்கில், ஆசனங்களின் தொடர் அத்தகைய உரிமைக்கு உட்படாது என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆழமான வளைவே தேர்ச்சியின் அளவுகோல் என்று படங்களின் வழியே நம்பப்படும் இக்காலத்தில், கொல்கத்தா மரபின் பாடம் முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. முதலில் வலு, பின்னர் வளைவு. நிமிர்வு வந்தபிறகே திருகல். ஒவ்வோர் உழைப்புக்கும் பின் ஓய்வு. ஒவ்வோர் உடலுக்கும் அதற்குரிய அளவு. இவையே அதன் நான்கு விதிகள். ஆசனம் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும், தம்மிடம் வரும் மாணவரின் முதுகை நீட்ட முற்படுமுன், அந்த நீட்சியைத் தாங்கும் வலு அம்முதுகில் உள்ளதா என்று சோதித்தறிவது கடமையாகும்.